நிபுணர் வீட்டு சர்வர்

கல்யாணமான முதல் வருடத்திலேயே அவள் தன் கணவருக்கு நிபுணர் என்று பெயர் வைத்துவிட்டாள். வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை, மனசுக்குள்தான். ஒருநாள் தங்கையிடம் போனில் சொல்லப் போக, அது இரண்டு குடும்பங்களிலும் பரவி, கடைசியில் அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

டைல்ஸ் ஷோரூம் ஒன்றில் அவர் மேனேஜர். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, தண்ணீர் எப்படி ஓடும், மனிதன் எந்தக் காலை முதலில் ஊன்றுவான் என்றெல்லாம் விளக்கி, அந்த மனிதர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகும்வரை விடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். அவர் கை வைத்த பிறகு வாஷிங் மெஷின் நடக்கப் பழகியது. சுற்ற ஆரம்பித்ததும் சுவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, குளியலறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். காலிங் பெல்லைச் சரி செய்தார். அன்றிலிருந்து எதிர்வீட்டு பெல்லை அழுத்தினால் இவர்கள் வீட்டில் அடித்தது. "சிக்னல் பலமா இருக்கு" என்றார்.

அவளுக்கு மருந்து லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்தும் வேலை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று காலையிலிருந்து மாலைவரை கண்ணை இடுக்கிப் பார்க்கிறவள். எவனும் படிக்காத எச்சரிக்கைகளைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, எதையும் படிக்காமல் எல்லாம் தெரிந்த ஒருவர் புருஷனாக வாய்த்திருந்தார்.

சர்வர் விவகாரம் அவருடைய அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. அண்ணன் இன்சூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. தம்பியை விட ஒரு படி மேலே இருப்பதை எந்தப் பேச்சிலும் நினைவூட்டிவிடுகிற மனிதர். அன்று போனை எடுத்து, என்றோ போன மலைப்பயணத்தின் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"போன்ல ஒண்ணும் கிடையாது. எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்றார்.

நிபுணர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். "அதாவது வாடகைக்கு இருக்கு. உன் போட்டோவை நீயே பார்க்கறதுக்கு மாசாமாசம் எவனுக்கோ வாடகை கட்டறே."

"வேற என்ன பண்ணணும்ங்கறே?"

"என்கிட்ட விடுண்ணா."

அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. 'என்கிட்ட விடு' என்பதைக் கேட்டால் அவளுக்கு வாஷிங் மெஷின்தான் கண்முன் வந்து நிற்கும்.

அடுத்த வாரமே பெட்டி வந்தது. கறுப்பாக, ரொட்டி டப்பா அளவில், உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். வரவேற்பறையில் இன்டர்நெட் ரவுட்டர் இருந்த மூலைக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி. அதன் மேல்தட்டைக் காலி செய்து அங்கே குடிவைத்தார். ஃபைல் சர்வர் என்று அறிவித்தார்.

"இந்த வீட்ல ஏற்கெனவே நான் ஒரு சர்வர் இருக்கேனே. மூணு வேளையும் பரிமாறிட்டு" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை அவருடைய துறை இல்லை.

உண்மையைச் சொன்னால், வீட்டுக்குள் இருந்தவரை அந்தப் பெட்டியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. படமோ பாட்டோ அதில் போட்டால் டி.வி.யிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். அவளே இரண்டு மூன்று தடவை பயன்படுத்தினாள். ஆனால் வீட்டுக்குள் மட்டும் வேலை செய்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் எப்படி நெஞ்சை நிமிர்த்துவது? பெட்டி செருப்பு அலமாரியில் இருக்க வேண்டும், அவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதைத் திறக்க வேண்டும். அவர் போன அதிகபட்சத் தூரம் ஷோரூம். அது வேறு விஷயம்.

"ரவுட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்து விட்டா போதும். போர்ட்டுனா கதவு மாதிரி. வெளியிலேர்ந்து வர்றவங்களை ரவுட்டர் நேரா பெட்டிகிட்ட அனுப்பிடும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குப் பாடம் எடுத்தார்.

"வர்றவங்கன்னா யாரு?"

"நாமதான்."

கதவைத் திறந்துவிட்டு, சோதனை செய்யத் தெருவுக்கு இறங்கினார். வீட்டு வைஃபை எட்டாத இடத்தில், ஸ்கூட்டர்கள் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் நின்று போனைத் தட்டினார். திறக்கவில்லை. மேலே வந்து எதையோ மாற்றினார். மறுபடி இறங்கினார். மதியச் சாப்பாட்டுக்குள் எத்தனை தடவை ஏறி இறங்கினாரோ, எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தாள். "ஏதாவது சண்டையா? பாவம், வெயில்ல நிக்கறாரே."

"சண்டையெல்லாம் இல்லை. வீட்டுக்குள்ள வர வழி தேடறார்" என்றாள் இவள்.

கடைசியில் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், உங்க கனெக்ஷனுக்குத் தனி அட்ரஸ் கிடையாது. உங்க ஏரியால நூத்துக்கணக்கான வீட்டுக்குச் சேர்த்து வெளியில ஒரே அட்ரஸ்தான். அதனால வெளியிலேர்ந்து உங்க வீட்டைக் குறிப்பா தேடி வர முடியாது."

"எனக்கு அட்ரஸே இல்லைங்கறீங்களா?"

"தனியா இல்லை சார்."

"பத்து வருஷமா கஸ்டமர் நான்."

"அதனால அட்ரஸ் வராது சார். தனி அட்ரஸ் வேணும்னா வேற பிளான் எடுத்துக்கலாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். ஊரில் எல்லாரையும் 'அட்ரஸ் இல்லாம பண்ணிடுவேன்' என்று மிரட்டுவது அவர் வழக்கம். வாடகை கட்டாமல் வாழ்வதற்காகக் கிளம்பியவர் இப்போது மாசாமாசம் கூடுதலாகக் கட்டி அட்ரஸ் வாங்கினார். அதைச் சுட்டிக்காட்ட அவளுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அரைமணி நேரம் விளக்கம் கேட்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டாள்.

புது அட்ரஸ் வந்த அன்று ஸ்கூட்டர் வரிசையிலிருந்து அவர் குரல் மாடிவரை கேட்டது. "திறந்துடுச்சு."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஷோரூமில் டைல்ஸ் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தன் வீட்டுச் செருப்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து, போட்டோக்கள் எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றி, அந்த வாடகைக் கணக்கை மூடவும் வைத்தார். அண்ணன் கடவுச்சொல்லை மறந்துவிடுகிற ஆள் என்பதால், மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் அண்ணனுக்கே மறக்காத மாதிரி. குடும்பப் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

பெட்டியே அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் சிவப்புக் கட்டத்தில் எச்சரித்தது: கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியது, மென்பொருள் பழையது, இந்தப் பக்கம் இணையத்தில் எல்லாருக்கும் தெரிகிறது. கீழே இரண்டு பொத்தான்கள். சரிசெய், பிறகு நினைவூட்டு. அவர் விரல் யோசிக்காமல் இரண்டாவதுக்குப் போகும்.

அவள் ஒருநாள் பின்னால் நின்று முழுசாகப் படித்தாள். "என்னமோ சிவப்பா போட்டிருக்கே."

"எல்லாத்துலயும் போடுவான். கம்பெனிக்காரன் தன் தலையைக் காப்பாத்திக்கறதுக்கு. உங்க மருந்து டப்பால போடற மாதிரி."

அவள் பதினெட்டு வருஷ வேலையை அவர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரையே பரிமாறிக்கொள்ளச் சொன்னாள்.

மிச்சம் இருந்தது அண்ணன் மனைவி. அவள் பேச்சுப் பயிற்சி நிபுணர், அதாவது நிஜமான நிபுணர். திக்குவாய் உள்ளவர்களுக்கும், பேச்சு தாமதமான பிள்ளைகளுக்கும் ஒரு சின்னக் கிளினிக் நடத்தினாள். ஒவ்வொருவரும் முதல்நாள் எப்படிப் பேசினார்கள், போகப்போக எப்படி மாறினார்கள் என்று வருஷக்கணக்காகப் பதிவு செய்து வைத்திருந்தாள். அத்தனையும் மேசை இழுப்பறையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

"அண்ணி, அது கீழே விழுந்தா எல்லாம் போச்சு. நம்ம சர்வர்ல போட்டுடலாம்" என்றார் நிபுணர்.

"இதெல்லாம் பேஷண்ட்ஸோடது தம்பி. வெளியே போகக் கூடாது. அப்படித்தான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"வெளியே எங்கே போகுது? எங்க வீட்டு ஷூ அலமாரிலதானே இருக்கப் போகுது."

அவள் தயங்கினாள். கணவர் பக்கத்திலிருந்து, "தம்பிக்குத் தெரியும், குடு" என்றார். கொடுத்தாள். நிபுணர் பதிவுகளைப் பெட்டிக்கு மாற்றினார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய டிஸ்க்கைச் சும்மா திருப்பித் தருவது அழகில்லை என்று, அதைச் சுத்தமாக அழித்து, புதுசு போல ஆக்கி, துடைத்துக் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்துப் பெட்டியின் விளக்குகள் ஓயாமல் சிமிட்ட ஆரம்பித்தன. காலையில் பால் வாங்கப் போகும்போதும் சிமிட்டும், ஆபீஸிலிருந்து வரும்போதும் சிமிட்டும். டி.வி. நின்று நின்று ஓடியது. நிபுணர் சோபாவில் சாய்ந்து அதைப் பார்த்து ரசித்தார்.

"பாரு, எவ்வளவு யூஸ் பண்றாங்கன்னு. அண்ணன் இப்பல்லாம் இதிலேயேதான் இருக்கான்."

அண்ணன் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். பெட்டியில் இருந்தது வேறு யாரோ.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன். போட்டோ ஒன்றும் திறக்கவில்லை, பெயரெல்லாம் கண்டபடி மாறியிருக்கிறது என்றார். "மெயின்டனன்ஸ் போகுதுண்ணா, ரெண்டு நாள் ஆகும்" என்று நிபுணர் கண் சிமிட்டாமல் சொன்னார். ரெண்டு நாள் ஒரு வாரம் ஆயிற்று. ஷோரூமுக்கு லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "வரேன், வரேன்" என்று சத்தம் மட்டும் வந்தது. விளக்கம் சொல்லாத நிபுணரை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பழைய பாட்டு ஒன்றைத் தேடுகிற சாக்கில் டி.வி. வழியாகப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு ஃபைல் பெயரின் முடிவிலும் அர்த்தமில்லாத எழுத்துகள் வால் போல ஒட்டியிருந்தன. எந்தப் பிரிவைத் திறந்தாலும் ஒரே அறிவிப்பு: உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பவும்.

"இதுதான் மெயின்டனன்ஸா?" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பேசிட்டிருக்கேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான். மொத்தமா கேக்கறாங்க. கடைசி விலை என்னன்னு எழுதிக் கேட்டிருக்கேன்."

திருடனிடம் டைல்ஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லையாம். ரேட் ஒத்து வராது என்று நினைத்திருப்பான்.

"அக்காவோட ரெக்கார்டிங்?"

"அதுவும்தான். ஆனா அதைப் பத்திக் கவலைப்படாதே. பசங்க திக்கித் திக்கிப் பேசறதை வெச்சு எவன் என்ன பண்ணப் போறான்?"

அவள் டி.வி.யை அணைத்தாள். இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்திருக்கிறாள், அலுத்துக்கொண்டிருக்கிறாள், தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதிலெல்லாம் எங்கேயோ ஒரு ஓரத்தில் பிரியம் இருந்தது. இப்போது தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

அண்ணன் வீட்டில் அவளுடைய ஓரகத்தி, அண்ணன் மனைவி, அவர் சொன்னதை உட்கார்ந்து கேட்டாள். அவர் போர்ட் என்றார், உலகம் முழுக்க நடக்கிற தாக்குதல் என்றார், பெரிய பெரிய கம்பெனிகளே தப்பவில்லை என்றார். அவள் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாமல் கேட்பதுதான் அவள் தொழிலே. எல்லாம் முடிந்த பிறகு, "வெளியே போயிருக்கா தம்பி?" என்றாள்.

"அண்ணி, டெக்னிக்கலா பார்த்தா..."

"போயிருக்கா, இல்லையா?"

"பூட்டறதுக்கு முன்னாடி நிறைய வெளியே போயிருக்கு. எதெதுன்னு தெரியலை."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எழுந்துபோய்த் தன் போனை எடுத்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணன் மட்டும் என் போட்டோ என் போட்டோ என்று கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் கிளினிக்கில் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள். நிபுணருக்கு அன்று ஷோரூமில் முக்கியமான வேலை வந்துவிட்டது. அவருடைய மனைவி ஷோரூமுக்கே போய், வாடிக்கையாளர்கள் முன்னால், "கிளம்பலாமா?" என்று கேட்டாள். கிளம்பினார்.

காத்திருக்கும் அறையில் நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். சுவரில் நாக்கையும் உதட்டையும் வரைந்த படங்கள், மூலையில் ஒரு கூடை நிறைய பொம்மைகள். ஓரகத்தி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். என் பொறுப்பில் இருந்தது, நான் காப்பாற்றவில்லை என்றாள். தம்பி பெயரைச் சொல்லவே இல்லை. அவர் தானாகவே எழுந்தார். மூன்று நாளாகத் தயார் செய்த உரை கையில் இருந்தது. இணையத்தின் அமைப்பிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பிள்ளையின் அம்மா பாதியிலேயே எழுந்து, பிள்ளையின் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் பிறகு திரும்பி வரவில்லை. வேறு கிளினிக்குக்கும் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது.

நிபுணர் நிறுத்தவில்லை. அப்போது பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, நாள் முழுக்கப் போனில் பேச வேண்டிய ஆள். நடுவயதில் துணிந்து பயிற்சிக்கு வந்தவர்.

"எ... எ... என் கு..."

"உங்க குரல் போயிருக்கான்னு கேக்கறீங்க. அதாவது சார்..." என்று ஆரம்பித்தார் நிபுணர்.

ஓரகத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினாள். அவர் வாய் திறந்தபடி நின்றது. யாரும் புக்கிங் ஆபீஸ்காரரின் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் காத்திருக்கத் தெரிந்திருந்தது, ஒருவரைத் தவிர.

"எ... என் குரலைத் தி... திருடினவன்," என்றார் அவர். ஒரு மூச்சு விட்டார். "அதை மு... முழுசா கேட்டிருப்பான். உ... உங்களை மாதிரி ந... நடுவுல பே... பேசியிருக்க மாட்டான்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நாலைந்து பேர். ஓரகத்தி சிரிக்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள். நிபுணர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப்பையில் திணித்தார், உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அவர் பிடரி சிவந்திருந்தது தெரிந்தது. இரக்கப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வெளியே போன பிள்ளையின் பை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

பதிவுகளில் கொஞ்சம் ஓரகத்தியின் பழைய போனிலிருந்து மீண்டது. மிச்சம் போனது போனதுதான். பலர் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யச் சம்மதித்தார்கள். புக்கிங் ஆபீஸ்காரர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவள் இப்போது கிளினிக் பதிவுகளைக் காசு கட்டி ஒரு பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கிறாள். கொழுந்தன் வந்தால் சோறு போடுகிறாள், நலம் விசாரிக்கிறாள். தன் போனை மட்டும் அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுகிறாள்.

பெட்டியின் மின்சார வயரை அவருடைய மனைவியே பிடுங்கினாள். செருப்பு அலமாரியின் மேல்தட்டுக்கு மழைக்காலச் செருப்புகள் திரும்பி வந்தன.

நிபுணர் ஒரு மாதம் அடங்கியிருந்தார். அதற்குள் கதை கை மாறிவிட்டது. அண்ணன் போகிற வீட்டிலெல்லாம், "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்று அளந்துகொண்டிருந்தார். தம்பிக்குத் தெரியும் குடு என்று சொன்ன வாய்தான். இது காதில் விழுந்ததும் நிபுணருக்கு உயிர் வந்தது. அடுத்த தடவை அண்ணன் வீட்டில் இரண்டு குடும்பமும் சேர்ந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து, தப்பு கடவுச்சொல்லிலா, அதை மறந்துவிடுகிற ஆளிடமா என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

பெண்கள் இருவரும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். குரல்கள் ஏறி, இறங்கி, திடீரென்று ஒன்றுக்கொன்று இணக்கமாயின.

"வாசல்ல ஒரு கேமரா வெச்சா போதும்ணா. ஆபீஸ்லேர்ந்தே பார்க்கலாம்."

"எனக்கும் ரொம்ப நாளா யோசனை. கஷ்டமான வேலையா?"

"என்கிட்ட விடு."

ஓரகத்தி குழாயை மூடினாள். "உனக்கு எப்படி இருபது வருஷம் ஓடுச்சு?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"உங்களுக்கு ஓடின மாதிரிதான் அக்கா" என்றாள் இவள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்று இருவரும் கதவு நிலையை அளந்துகொண்டிருந்தார்கள். அவள் டேப்பை நிபுணர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, அண்ணனுக்கு எந்த மாடல் நல்லது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.